கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கவும்

கார்க் கதவை இடுப்பால் இடித்து மூடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சட்டை நுனி கதவுக்குள் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் ஆளுயரக் கண்ணாடிப் படம் இருந்தால்தான் சிரமம். ஃப்ரேம் கடைக்காரர் அந்தக் கோலத்தில்தான் தன் கடை வாசலில் கால்மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்தால் சட்டை விடுபடும். திறக்க வேண்டுமானால் கைப்பிடியைத் தொட வேண்டும். அதைத் தொடாமல் இருக்கத்தான் இத்தனை பாடும்.

பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் டீ குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நிதானமாக வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"அண்ணே, எனக்கு ஷாக் ஒண்ணும் அடிக்கலையே."

"எனக்கு மட்டும்தான் அடிக்குது."

"அப்ப வண்டியில கோளாறு இல்ல. உங்க உடம்புலதான் கரண்ட் ஊறுது."

புது கார் வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. காற்றில் ஈரமே இல்லாத மாதம். ஒவ்வொரு முறை இறங்கிக் கதவைத் தொடும்போதும் விரல் நுனியில் சுரீர் என்று ஒன்று இழுத்தது. முதல் வாரம் எத்தனை தடவை என்று எண்ணினார். அறுபது தாண்டியதும் விட்டுவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்ன யாரும் அந்தக் காரிலிருந்து இறங்குகிறவர்கள் இல்லை.

"பழைய கார் இருபத்திரண்டு வருஷம் ஓட்டினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அடிச்சதில்ல" என்று அவர் சொல்லாத ஆள் அந்தத் தெருவில் பாக்கி இல்லை.

பழைய காருக்கு அவர் வைத்திருந்த பெயர் மாப்பிள்ளை. காலையில் கெஞ்சாமல் கிளம்பாது, கொஞ்சம் குரலை உயர்த்தினால் நடுரோட்டில் முறுக்கிக்கொண்டு நிற்கும், அதனால் அந்தப் பெயர். அதற்கு வாங்கிய நாளிலிருந்தே ஊரறிந்த குறைகள் இரண்டு. அவர் பக்கத்துக் கதவு கீல் தளர்ந்து தொங்கும். இறங்கும்போது மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே இறங்கி, தூக்கியபடியே மூட வேண்டும். மனைவி பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. அவர் சுற்றிப் போய் வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். இரண்டையும் சரி செய்ய மெக்கானிக் பலமுறை தயாராக இருந்தார். முதலாவதைச் சரி செய்ய இவருக்குச் சோம்பல். இரண்டாவதைச் சரி செய்ய மனசில்லை.

காரணம் இருந்தது. மனைவிக்குத் தபால் ஆபீஸில் வேலை. தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தி, சுற்றிப் போய், கதவைத் திறந்து கையை நீட்டுவார். அவள் அந்தக் கையைப் பிடித்து இறங்குவாள். தொட்ட மாத்திரத்தில் அவள் விரல்கள் சின்னதாகத் துள்ளும். அந்தத் துள்ளல் அவருடைய கைக்கும் வந்து சேரும். தபால் கட்டுகளோடு நிற்கிற ஆட்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் முகம் சிவந்து உள்ளே போய்விடுவாள். மகள் பள்ளிக்கூடம் போய், கல்லூரி முடித்து, வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள். அம்மாவின் அந்த வெட்கம் மட்டும் போகவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் புருஷன் கை பட்டால் கூசுகிற மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அவர் கடையில் தனியாகக் கண்ணாடி வெட்டும்போது நினைத்துக்கொள்வார். சில சமயம் கோடு கோணலாகிவிடும்.

மாப்பிள்ளை ஒருநாள் ஒரேயடியாகப் படுத்துக்கொண்டது. மகள் லீவில் வந்தவள் பிடிவாதமாக நின்று புது காருக்கு ஏற்பாடு செய்தாள். பழையதை வாங்க ஆள் வந்த அன்று அவர் வீட்டில் இல்லை. கடையின் பின்னறையில் உட்கார்ந்து, தேவையே இல்லாமல் பன்னிரண்டு சட்டங்களுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். விற்று, கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்ததெல்லாம் மனைவிதான்.

புது கார் வந்த மூன்றாம் நாள் தபால் ஆபீஸ் வாசலில் ஒன்று நடந்தது. இறங்கும்போதே அவருக்கு நல்ல அடி. கையை உதறிக்கொண்டு அவள் பக்கம் போனார். அவள் உள்ளேயே உட்கார்ந்து காத்திருந்தாள். கையை நீட்டப் போனவருக்கு, தன் உடம்பில் ஊறுகிற கரண்ட் அவள் மேல் பாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. பாவம், அவள் தாங்கமாட்டாள். கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவள் அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு கதவின் இரும்பைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கி உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து அவள் காத்திருக்கவில்லை. அவர் சீட் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் ஆபீஸ் வாசற்படியில் இருப்பாள்.

அன்றிலிருந்துதான் அவருக்கு இந்த ஷாக் மேல் ஜென்மப் பகை. விரல் வலி போகட்டும். கல்யாண நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வருஷா வருஷம் அன்று மாலை இருவரும் ஏரிக்கரைக்குப் போவார்கள். அங்கே கையை நீட்ட வேண்டும், அவள் பிடிக்க வேண்டும், அந்தத் துள்ளல் இருக்க வேண்டும். அதற்குள் எப்படியாவது இந்தக் காரை வழிக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.

எலக்ட்ரீஷியன் முதலில் தடித்த ரப்பர் அடி வைத்த பூட்ஸ் சிபாரிசு செய்தார். கம்பத்தில் ஏறுகிறவர்கள் எல்லாம் அதைத்தான் போடுகிறார்கள் என்றார். ஃப்ரேம் கடைக்காரர் அதைப் போட்டுக்கொண்டு யானை நடை நடந்தார். அதுவரை காரில் மட்டும் அடித்தது, இப்போது கடை ஷட்டரில் அடித்தது, தண்ணீர்க் குழாயில் அடித்தது, ஆணி டப்பாவில் அடித்தது. ஓய்வு பெற்ற ஒருவர் தன் பிரிவுபசாரப் படத்துக்குச் சட்டம் போடக் கொண்டுவந்து, மகிழ்ச்சியாகக் கை குலுக்கினார். குலுக்கிய கையை உதறி, இன்னொரு கையில் படத்தை எடுத்துக்கொண்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் போனவர் வரவே இல்லை.

அன்று சாயங்காலம் மனைவி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"கதவோட இரும்பைப் புடிச்சுக்கிட்டே இறங்கிப் பாத்தீங்களா? இறங்கி முடிச்சு அப்புறம் தொட்டாத்தான் அடிக்கும். முதல்லயே புடிச்சுக்கிட்டா அடிக்காது."

"உனக்கு யார் சொன்னா?"

"சும்மா, தோணுச்சு."

அவர் சிரித்தார். அடிக்கிற பொருளையே கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று சொல்லும் ஆளை அவர் அன்றுதான் பார்க்கிறார். ஸ்விட்சைக்கூடத் தட்டிவிட்டு விரலைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறவள் இவள். கரண்ட்டைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும், வாழ்நாளில் ஒரு ஷாக் வாங்கியிருப்பாளா என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் செல்லமாகவே அவள் தலையில் தட்டப் போனார். பூட்ஸ் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். அவள் அதையும் பார்த்தாள். மீதிக் காயை நறுக்கினாள்.

அடுத்த யோசனை ஈரம். ஈரம் இருக்கிற இடத்தில் இந்த மாதிரி கரண்ட் தங்காது என்று எலக்ட்ரீஷியன் அடித்துச் சொன்னார். கண்ணாடி துடைக்கத் தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டில் கடையிலேயே இருந்தது. இறங்குவதற்கு முன் சீட்டில் நாலு பீய்ச்சு என்று ஆரம்பித்தார். நாலு போதாது என்று நாற்பது ஆக்கினார். அன்று அடி விழவில்லை. சந்தோஷத்தில் தன் பின்புறத்தைப் பற்றி யோசிக்காமல், பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்கள் குழுப் படத்தை எடுத்துக்கொண்டு போனார்.

போன நேரம் மைதானத்தில் மொத்தப் பள்ளிக்கூடமும் வரிசையில் நின்றது. தலைமையாசிரியை அவரை மேடைக்கே அழைத்துப் படத்தை வாங்கிக்கொண்டார். திரும்பிப் போக வேண்டிய தருணத்தில்தான் அவருக்குத் தன் கால்சட்டையின் நிலைமை குளிர்ச்சியாக உறைத்தது. எண்ணூறு பிள்ளைகளுக்கு முதுகைக் காட்ட முடியாது. கும்பிட்ட கையோடு, ஒவ்வொரு அடியாகப் பின்பக்கமாகவே நடந்து, படியிறங்கி, வாசல் வரை போய்ச் சேர்ந்தார். பெரியவர்கள் முன் எப்படிப் பணிவோடு நடக்க வேண்டும் என்பதற்கு இவரே உதாரணம் என்று தலைமையாசிரியை மைக்கில் சொன்னது தெருமுனை வரை கேட்டது.

சாயங்காலம் மனைவியை அழைத்துவரப் போனபோது, பாரபட்சம் கூடாது என்று அவள் சீட்டிலும் ஒரு நாற்பது பீய்ச்சு பீய்ச்சி வைத்திருந்தார். அவள் உட்கார்ந்தாள். எழுந்தாள். சாப்பாட்டுப் பையை மடித்து அடியில் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். மறுநாள் காலை கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவள், "நான் பஸ்ல போயிக்கிறேங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொன்னாள்.

மகளிடம் போனில் புலம்பினார். அவள் ஆபீஸ் வேலைக்கு நடுவே பொறுமையாகக் கேட்டாள்.

"பழைய கார்ல அடிக்கவே இல்லையாப்பா?"

"ஒரு நாள்கூட இல்லம்மா."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"அவகிட்ட என்ன கேக்கறது? அவளுக்கு இதெல்லாம் தெரியாது."

"அம்மாகிட்ட கேளுங்கப்பா" என்றாள் மகள் மறுபடியும். பிறகு மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

கடைசி ஆயுதம் சங்கிலி. பெட்ரோல் ஏற்றிப் போகும் லாரிகளின் பின்னால் தரையைத் தொட்டுக்கொண்டு ஒன்று தொங்குமே, அது. எலக்ட்ரீஷியன் எங்கிருந்தோ ஒன்றரை முழம் கொண்டுவந்து தன் கையாலேயே மாட்டிவிட்டார். இதுவும் பலிக்காவிட்டால் தன் கடைப் போர்டை இறக்கிவிடுவதாகச் சொன்னார். கார் நகர்ந்ததும் ஒரு சத்தம் கிளம்பியது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் கை காட்டி, ஏதோ கழன்று தொங்குவதாகக் கத்தினார்கள். மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் இதை எப்படியாவது சொல்லியே தீருவது என்று நாலு தெரு துரத்திவந்து வழிமறித்தார். அந்த நல்ல மனிதருக்கு நன்றி சொல்ல இறங்கிக் கை கொடுத்தபோது இருவருக்கும் சேர்த்து அடித்தது. போர்டு இறக்கப்படவில்லை.

அந்தச் சத்தத்தோடுதான் அவர் பஸ் நிறுத்தத்துக்குப் போனார். மனைவியைச் சமாதானப்படுத்தி ஏற்றிக்கொள்வதாகத் திட்டம். அவள் கூட்டத்தோடு நின்றிருந்தாள். சங்கிலிச் சத்தம் தெரு திரும்பும்போதே எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்த நேரம் வந்து நின்ற பஸ்ஸில் சட்டென்று ஏறிவிட்டாள். அது அவள் போக வேண்டிய பஸ் இல்லை. எங்கேயோ போய் இறங்கி, திரும்பி வந்து, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அன்று அவள் தாமதமாகக் கையெழுத்துப் போட்டாள்.

இரவு சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்போது அவள் சொன்னாள். "இந்த வருஷம் ஏரிக்கு வேண்டாங்க. வீட்டுலயே இருந்துக்கலாம்."

கையைப் பிடிக்கும் ஆசையே அவளுக்கு விட்டுப்போய்விட்டது, மாப்பிள்ளையோடு அதுவும் விற்றுப் போய்விட்டது என்று அவருக்குத் தோன்றியது. வாய்விட்டு அழத் தெரியாத மனிதர். போய்த் தண்ணீர் குடித்தார். குழாயில் அடித்தது.

கல்யாண நாளுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அலமாரியில் விற்பனைப் பத்திரத்தைத் தேடி எடுத்து விலாசத்தைக் குறித்துக்கொண்டார். மாப்பிள்ளையைத் திருப்பி வாங்கிவிடுவது. கெஞ்சியாவது, கூடுதலாகக் கொடுத்தாவது. சங்கிலிக் காரை எடுக்காமல் பஸ்ஸிலேயே போனார்.

ஊரின் ஓரத்தில் செடி விற்கிற இடம் அது. மண் நிரப்பிய கறுப்புப் பைகளில் கன்றுகள் வரிசை வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு கொட்டகையின் கீழ் மாப்பிள்ளை நின்றது. பின் சீட்டு முழுக்கப் பூச்செடிகள். அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கையெல்லாம் மண்ணாக ஒரு பெண் எழுந்து வந்தாள். வாங்கியவரின் மனைவி. வீட்டுக்காரர் வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். இன்னார் என்று சொல்லக் கூச்சப்பட்டு, பழைய கார் ஒன்று தேடுவதாகவும், இங்கே ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்ததாகவும் சொன்னார். கொடுக்கிற யோசனை இல்லை, ஆனால் தாராளமாகப் பார்க்கலாம் என்று அவள் சாவியை நீட்டினாள்.

ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் அவர் கட்டைவிரல் தேய்த்த தடம் அப்படியே இருந்தது. டாஷ்போர்டு இடுக்கில், மகள் நாலாம் வகுப்பில் ஒட்டிய நட்சத்திரம் ஒன்று பாதி உரிந்து மிச்சம் இருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு எத்தனை தபால் ஆபீஸ் காலைகள், எத்தனை ஏரிக்கரை மாலைகள். போதும் என்கிற வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பழக்க தோஷத்தில் கதவின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே இறங்கினார். தூக்கியபடியே மூடினார். அடிக்கவில்லை.

மூடிய கதவின் மேல் அவர் கை அப்படியே நின்றது. மறுபடியும் ஏறினார். கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அடிக்கவில்லை. மூன்றாம் முறை வேண்டுமென்றே கதவைத் தொங்கவிட்டு இறங்கி, நின்று, பிறகு தொட்டார். சுரீர் என்றது. மாப்பிள்ளைக்குத் தனிக் குணம் ஒன்றும் இல்லை. தொங்கிய கதவைத் தாங்குவதற்காக இருபத்திரண்டு வருஷமும் இவர் இரும்பைப் பிடித்துக்கொண்டே இறங்கியிருக்கிறார், அவ்வளவுதான். எந்தக் காராக இருந்தாலும் அது போதும். பூட்ஸும் தண்ணீரும் சங்கிலியும் வீண்.

அவருக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது. கடைசியில் மனைவி சொன்னதுதான் சரி. அப்படியே வார்த்தைக்கு வார்த்தை சொன்னாளே, முதலிலேயே பிடித்துக்கொண்டால் அடிக்காது என்று. போனதும் முதல் வேலையாக அவளிடம் ஒப்புக்கொண்டு, நாளைக்கு ஏரிக்குப் போய், தைரியமாகக் கையை நீட்டிவிடலாம். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனவருக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது. இது அவளுக்கு எப்படித் தெரிந்தது?

கொட்டகைக்குப் பின்னால் கொடியில் நீல நிறத்தில் புசுபுசுவென்று ஒன்று தொங்கியது. அவருக்கு நன்றாகத் தெரிந்த துணி. மாப்பிள்ளை வந்த முதல் வாரமே மனைவி சுகமாக உட்காரட்டும் என்று அவள் சீட்டுக்கு மட்டும் அவர் ஆசையாகத் தேடி வாங்கிப் போட்ட உறை. கழற்றிவிடலாமே என்று அவள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். சிக்கனக்காரி, அழுக்காகிவிடும் என்று பார்க்கிறாள் என்று அவர் விட்டதே இல்லை.

"இது நல்லாத்தானே இருக்கு. ஏம்மா கழட்டிட்டீங்க?"

"அது இருந்தா ஷாக் அடிக்குது சார்" என்றாள் அவள், மண்ணைத் தட்டியபடி. "உங்க பக்கம் இல்ல, அந்தப் பக்கம் இறங்குறவங்களுக்கு. கதவு உள்ளருந்து திறக்காதுல்ல, வெளிய நிக்கிறவங்க கையைத் தொட்டதும் சுரீர்னு இழுக்கும். வித்த அம்மா பொய் சொல்லாம முதல்லயே சொல்லிட்டாங்க. இரும்பைப் புடிச்சுக்கிட்டு இறங்கினா அடிக்காதுன்னு வழியும் அவங்களேதான் சொல்லிக் குடுத்தாங்க."

ஃப்ரேம் கடைக்காரர் கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். வலது கை விரல்களை இடது கையால் மெல்லத் தடவினார்.

"வழி தெரிஞ்சவங்க, அவங்க அப்படி இறங்கலையா?"

"நானும் அதத்தான் சார் கேட்டேன். 'இருபத்திரண்டு வருஷமா மனுஷன் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாரு, அதை விட்டுட்டு இரும்பைப் போயா புடிக்கிறது'ன்னாங்க."